ஹெச்.ஆர்.எம்.எஸ். இடமாற்ற சேவை: என்.ஓ.சி. வந்தாச்சு, ஸ்பேர் எப்போ?

ரயில்வே ஊழியர் ஒருவர் ஊர் மாற்றமோ வேலை மாற்றமோ கேட்டால், காரணம் பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும். படுக்கையில் விழுந்த அம்மா, வேறு ஊரில் வேலை பார்க்கும் துணை, தனிக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளை, அதுவும் இல்லையென்றால் தன்னுடைய கண்ணும் இதயமும். முன்பெல்லாம் வெள்ளைத்தாளில் மனு எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி, அது எந்த மேசையில் தூங்குகிறது என்று ஆளாளுக்குப் போன் போட வேண்டியிருந்தது. இப்போது ஹெச்.ஆர்.எம்.எஸ். எனும் மனிதவள மேலாண்மை இணையதளமும் அதன் கைபேசிச் செயலியும் வழி. ரயில்வேயின் கணினி அமைப்பான கிரிஸ் உருவாக்கியது. ஊழியர் சுயசேவை, பி.எஃப். முன்பணம், ஓய்வுக்காலக் கணக்கு முடிப்பு ஆகிய பிரிவுகள் 2020 நவம்பர் 26 அன்று திறக்கப்பட்டன; இடமாற்றப் பிரிவும் அதே கூரையின் கீழ்தான் நடக்கிறது.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். மென்பொருளுக்கு ஐந்துக்கு நான்கு. அதன் பின்னால் இருக்கும் நிர்வாக ஏற்பாட்டுக்கு ஐந்துக்கு இரண்டு. விண்ணப்பம் தொலைவதில்லை, எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, சேரும் கோட்டம் சம்மதித்து என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) கொடுத்தால் அதுவும் பதிவாகிறது. ஆனால் உங்களை விடுவிப்பது, ரயில்வே பேச்சில் 'ஸ்பேர்' பண்ணுவது, இன்றும் பழைய கோட்டத்தின் கையில்தான். வீட்டுக் கஷ்டம் எவ்வளவு பெரியது என்பதைவிட, நீங்கள் எழுந்துபோன நாற்காலியில் யார் வந்து உட்காருவார் என்ற கேள்விதான் இந்தச் சேவையில் கோப்பை நகர்த்துகிறது. எந்த வழியில் போவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தெற்கு ரயில்வேயில் சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என ஆறு கோட்டங்கள். ஆனால் ஆர்.ஆர்.பி. எனும் ரயில்வே ஆள்சேர்ப்பு வாரியத் தேர்வெழுதும் நம்மூர்ப் பிள்ளைகள் எல்லோரும் சென்னை வாரியத்தில் விண்ணப்பிப்பதில்லை. காலியிடம் அதிகம், கட்-ஆஃப் குறைவு என்று செகந்திராபாத், பெங்களூரு, மும்பை வாரியங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். வேலை கிடைத்துவிடும், கல்யாணமாகி, பெற்றோருக்கு வயதாகும்போது ஹுப்ளியிலோ குண்டக்கல்லிலோ இருந்துகொண்டு மதுரைக்கு மனு போடுவார்கள். மதுரைக் கோட்டத்துக்கு வர வரிசையே நிற்கும். அங்கிருந்து குண்டக்கல்லுக்குப் போக ஆள் தேடினாலும் கிடைக்காது. இந்த ஒருபக்கச் சாய்வை எந்தச் செயலியாலும் நிமிர்த்த முடியாது.

முதல் வழி ஓன் ரிக்வெஸ்ட், அதாவது சொந்த வேண்டுகோள். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ரயில்வே பணியமைப்புக் கையேடு முதல் தொகுதியின் 312-ஆம் பத்தி. சொந்த வேண்டுகோளில் வேறு மண்டலத்துக்குப் போகிறவரின் பணிமூப்பு, அங்கே அந்த நிலையில் ஏற்கெனவே இருக்கும் நிரந்தர, தற்காலிக, பொறுப்பு ஊழியர்கள் எல்லோருக்கும் கீழே வைக்கப்படும். பாட்டம் சீனியாரிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காரணம் அம்மாவின் புற்றுநோயாக இருந்தாலும், சொந்த ஊரில் வீடு கட்டியதாக இருந்தாலும், பத்தி ஒன்றே. கருணைக் காரணம் சொன்னால் பணிமூப்பு தப்பும் என்ற நம்பிக்கையில் விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தப்பாது. கருணைக் காரணத்தால் கிடைக்கக்கூடியது வரிசையில் கொஞ்சம் முன்னுரிமை, அதுவும் அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டு.

இன்னொரு நிபந்தனை பலருக்குக் கடைசியில்தான் தெரியவரும். நேரடி ஆள்சேர்ப்பு உள்ள நிலைக்குத்தான் ஓன் ரிக்வெஸ்டில் போக முடியும். அந்த நேரடி ஆள்சேர்ப்புக்குரிய கல்வித்தகுதியும் இருக்க வேண்டும். உதவி லோகோ பைலட் நேரடியாக எடுக்கப்படும் பணி, ஊதிய நிலை 2, தொடக்கச் சம்பளம் 19,900 ரூபாய். சரக்கு ரயில் லோகோ பைலட் நிலை 6, தொடக்கம் 35,400. அது பதவி உயர்வில் வருவது. ஆகவே சரக்கு ஓட்டும் ஒருவர் மண்டலம் மாற விரும்பினால், கீழ்நிலைக்கு இறங்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அடிப்படைச் சம்பளம் அதனால் தரையில் விழுந்துவிடாது. ரயில்வே பணியமைப்பு விதிநூல் (கோட்) இரண்டாம் தொகுதியின் 1313-ஆம் விதிப்படி, கீழ்நிலையின் உச்ச வரம்புக்குள் (நிலை 2-க்கு அது 63,200) பழைய சம்பளம் காக்கப்படும். போவது பதவி, மூப்பு, அடுத்த உயர்வுக்கான வரிசை. நாற்பது வயதில் இதைச் செய்கிறவர் ஓய்வு வரை எத்தனை படி ஏற முடியும் என்பதை, சேரப்போகும் கோட்டத்தின் பணிமூப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியலை எப்படி வாங்குவது என்று தயங்க வேண்டாம். அங்கே வேலை பார்க்கும் ஒருவரோ தொழிற்சங்கக் கிளையோ போதும். இல்லாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு.

இரண்டு ஊழியர்கள் ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொள்ளும் மியூச்சுவல்தான் இந்தச் சேவையின் உண்மையான பலம். செயலியிலேயே ஜோடி தேடும் வசதி உண்டு. எந்த மண்டலம், எந்தக் கோட்டம், எந்தப் பதவி என்று போட்டால் எதிர்த்திசையில் வர விரும்புகிறவர்கள் தெரிவார்கள். முன்பு இது ரன்னிங் ரூம் (ரயில் ஓட்டுநர்களின் ஓய்வறை) சுவரிலும் வாட்ஸாப் குழுக்களிலும் நடந்த வேலை. இங்கே நாற்காலி காலியாவதில்லை என்பதால் பழைய கோட்டத்துக்குப் பிடித்துவைக்கக் காரணம் இல்லை. பணிமூப்பு இழப்பும் குறைவு: 310-ஆம் பத்திப்படி உங்கள் மூப்பு, மாற்றிக்கொள்கிறவரின் மூப்பு, இரண்டில் எது கீழோ அது கிடைக்கும். நீங்கள் 2012-இல் அந்த நிலைக்கு வந்தவர், எதிராளி 2015 என்றால் உங்களுக்கு 2015. எதிராளி 2009 என்றால் உங்களுக்கு உங்கள் 2012-தான். அவருக்கு லாபம் இல்லை என்பதால் அவர் பின்வாங்கலாம். ஆகவே ஜோடி தேடும்போது மூப்பு கிட்டத்தட்ட ஒத்துவருகிறவரைப் பாருங்கள்.

இதில் கவிழ்வது எங்கே? பதவிப் பெயர் ஒன்றாக இருந்தும் ஊதிய நிலை வேறாக இருப்பது. ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருப்பது. ஜோடி நடுவில் பதவி உயர்வு பெற்றுவிடுவது. அப்போது மொத்தக் கோப்பும் செத்துப்போகும். மனம் மாறுவது இன்னொன்று. சம்மதம் கொடுத்து ஏற்கப்பட்டபின் பின்வாங்கும் கோரிக்கையை ஏற்பதில்லை என்பது ரயில்வே வாரியத்தின் நிலைப்பாடு. ஆகவே எதிராளியின் வீட்டு நிலவரம் என்ன, ஏன் இந்தப் பக்கம் வருகிறார் என்று பேசித் தெரிந்துகொள்வது வம்பளப்பு ஆகாது. ஜோடி கிடைத்தாலே காரியம் பாதி முடிந்தது. ஆனால் அம்மா ஐ.சி.யூ.வில் இருக்கிறார் என்பதற்காக ஜோடி முளைத்து வருவதில்லை. அவசரம் அதிகமாக இருக்கிறவருக்கு இந்த வழி தற்செயலாகத்தான் கைகொடுக்கும். கருணையின் பெயரில் ஒரு சேவை இருக்கும்போது அதன் வேகமான வாசல் கருணைக்குச் சம்பந்தமில்லாததாக இருப்பது வேடிக்கைதான்.

துணைவர் காரணத்துக்கு மத்தியப் பணியாளர் துறையின் 2009 செப்டம்பர் 30 நாளிட்ட குறிப்பாணை அடிப்படை. கணவன் மனைவி இருவரும் ஒரே துறையில் இருந்து, உரிய நிலையில் பணியிடமும் இருந்தால் தவறாமல் ஒரே இடத்தில் அமர்த்த வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கு 18 வயது ஆகும்வரை என்பதை அது தனியாக அழுத்திச் சொல்கிறது. ஒருவர் மத்திய அரசு, மற்றவர் மாநில அரசு அல்லது பொதுத்துறை நிறுவனம் என்றாலும் வழிகாட்டல் உண்டு. துணைவர் தனியார் கம்பெனி என்றால் இந்தக் குறிப்பாணையை நீட்டிப் பயன் குறைவு. பொதுக் கருணைக் காரணமாகத்தான் எழுத வேண்டும். இணைக்க வேண்டியது துணைவரின் அலுவலகத் தலைவர் தந்த பணிச்சான்று, திருமணப் பதிவுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. பணிச்சான்றில் பணியிட ஊரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தலைமையகத்தின் முகவரியை மட்டும் போட்ட சான்று வந்த வேகத்தில் திரும்பும்.

பராமரிப்பாளர் சலுகையைத் தவறாகப் புரிந்துகொள்வோர்தான் அதிகம். 2018 அக்டோபர் 8 நாளிட்ட குறிப்பாணைப்படி, மகன், மகள், பெற்றோர், துணைவர், உடன்பிறந்தோரில் ஒருவர் ஊழியரைச் சார்ந்திருந்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு சான்றளிக்கப்பட்டிருந்தால், அவரைக் கவனிக்கும் ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு அளிக்கலாம், நிர்வாக வசதிக்கு உட்பட்டு. கவனியுங்கள்: இருக்கும் இடத்திலிருந்து தூக்காதே என்பதற்குத்தான் இது கேடயம். தூரத்தில் இருப்பவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பயணச்சீட்டாக இதை எழுதியிருக்கவில்லை. கொண்டுவரக் கேட்கும் மனுவில் துணைக்காரணமாக மேற்கோள் காட்டலாம். அதையே முழு ஆதாரமாக வைத்தால் 'இவ்விதி பொருந்தாது' என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடும். மருத்துவச் சான்றோடு மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யையும் இணைக்க வேண்டும்.

நீதிமன்றம் போனால் கிடைக்கும் என்ற எண்ணத்துக்கும் அளவு வேண்டும். எஸ்.எல். அப்பாஸ் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிக்கல். ஷில்லாங்கில் மனைவி வேலையில், பிள்ளைகள் படிப்பில் என்று சொன்ன தாவரவியல் ஆய்வுத் துறை ஊழியரைப் பௌரிக்கு மாற்றியது செல்லும். துணைவர் வழிகாட்டல் கவனிக்கப்பட வேண்டியதே தவிர, சட்டப்படி வற்புறுத்தத்தக்க உரிமையைத் தராது. 2022 மார்ச்சில் சுங்க, மறைமுக வரித் துறை ஊழியர்களின் நௌசாத் ரகமான் வழக்கிலும் ஆணையரகம் விட்டு ஆணையரகம் மாறும் வசதியை நீக்கியது சரியே என்றது நீதிமன்றம். ஆனால் துணைவர் பணியிடம், மாற்றுத்திறன், கருணைக் காரணங்கள் ஆகியவற்றுக்கு இடம் இருக்குமாறு கொள்கையை மறுபடி பார்க்கச் சொன்னது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் பெரும்பாலும் கிடைப்பது 'மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் காரணத்தோடு உத்தரவிடுக' என்பதுதான். அது வீண் இல்லை. ஆனால் அதுவே இடமாற்றம் ஆகாது.

வேலையை மாற்றிக் கேட்பது தனி உலகம். இங்கே நிர்வாகம் காட்டுவது சலுகை இல்லை, அதன் கடமை. பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்டவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. இருக்கும் பணிக்கு ஏற்றவர் இல்லையென்றால் அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப்பலன்களோடு வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு பணி கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். 2016 சட்டத்தின் 20(4) பிரிவு இது. இதற்கு முந்தைய 1995 சட்டத்தின் 47-ஆம் பிரிவும் இதையே சொன்னது. அது கட்டாயம் என்று காலை இழந்த காவலர் குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ரயில்வேயில் இதன் நடைமுறை பணியமைப்புக் கையேட்டின் 13-ஆம் அத்தியாயம்.

ரயில்வே மருத்துவத் தகுதி ஏ1-இல் தொடங்கி சி2 வரை இறங்கும். லோகோ பைலட்டுக்கு ஏ1, நிலைய அதிகாரிக்கு ஏ2, அலுவலக மேசைக்கு சி2. காலமுறை மருத்துவப் பரிசோதனையில் ஏ1 தவறி சி1 தேறினால் அவர் 'டி-கேட்', அதாவது மருத்துவத் தகுதி இறக்கப்பட்டவர் ஆவார். பின் தேர்வுக் குழு அவரை அழைத்து, கல்வி, அனுபவம், உடல்நிலை பார்த்து மாற்றுப்பணியைப் பரிந்துரைக்கும். இதில் இரண்டு பெரிய பாதுகாப்புகள் உண்டு. ஒன்று, டி-கேட் ஆனவருக்கு புதிய பணியில் பாட்டம் சீனியாரிட்டி கிடையாது; பழைய பணியில் ஒத்த நிலையில் முறைப்படி பார்த்த காலம் மூப்புக்குக் கணக்கில் வரும். இரண்டு, ரன்னிங் ஊழியராக (லோகோ பைலட் போல ரயிலோடு ஓடிப் பணி பார்ப்பவராக) இருந்தவருக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதத்தைக் கூட்டித்தான் புதிய பணியில் ஊதியம் நிர்ணயிப்பார்கள். கிலோமீட்டர் படி போவதற்கு இது ஈடு.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதுகுத் தண்டில் கோளாறு, இரவுப்பணி முடியவில்லை என்று தவிக்கிறவரிடம் யாரோ நல்லெண்ணத்தில் சொல்வார்: 'எதுக்கு மெடிக்கல், இழுத்தடிப்பாங்க, பேசாம ஓன் ரிக்வெஸ்ட்ல கேட்டகிரி மாத்திக்கோ.' அவரும் செயலியில் சொந்த வேண்டுகோள் என்று தட்டிவிடுவார். அந்த ஒரு தட்டில் மூப்பும் போகும், 30 சதவீதமும் போகும். உடல்நிலைதான் காரணம் என்றால் முதல் மனு இடமாற்றப் பிரிவுக்குப் போகக் கூடாது. சிறப்பு மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புமாறு மேற்பார்வையாளர் வழியாக எழுத்தில் கேட்க வேண்டும். கோட்ட மருத்துவமனையிலோ பெரம்பூர்த் தலைமை மருத்துவமனையிலோ வரும் முடிவு கையில் வந்தபின்தான் அடுத்த காகிதம். மாற்றுப்பணி வரும்வரை இருக்கும் நாட்களை உங்கள் சொந்த விடுப்பில் கழிக்க அலுவலகம் முயன்றால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பாதிக் கேஸ்களில் அந்தக் கேள்வியே போதும். மாற்றுப்பணி பிடிக்கவில்லை என்று வாய்மொழியாக மறுக்கவும் வேண்டாம், ஏன் ஒத்துவரவில்லை என்பதை மருத்துவ முடிவின் வாசகத்தையே காட்டி எழுதுங்கள். 'நீண்ட நேரம் நிற்கக் கூடாது' என்று மருத்துவர் எழுதியிருக்க, கேட் கீப்பர் பணி கொடுத்தால் வாதம் தானாகவே அமையும்.

இனி விண்ணப்பம் போடும் முறை. உள்நுழைய ஆறெழுத்து ஹெச்.ஆர்.எம்.எஸ். அடையாள எண்ணும், பதிவான கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். எண்ணை மாற்றிவிட்டு அலுவலகத்தில் சொல்லாதவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். உள்ளே போனதும் இடமாற்றப் பக்கத்துக்கு ஓட வேண்டாம். முதலில் மின் பணிப்பதிவேட்டைத் திறந்து பெயர் எழுத்து, பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, இப்போதைய பதவி, ஊதிய நிலை, கல்வித்தகுதி, குடும்ப விவரம் எல்லாம் சரியா என்று பாருங்கள். பணியில் சேர்ந்தபின் முடித்த பட்டயமோ பட்டமோ பதிவாகாமல் இருந்தால், நேரடி ஆள்சேர்ப்புத் தகுதி இல்லை என்று சேரும் கோட்டம் திருப்பி அனுப்பும். திருத்தம் முடிந்தபின்தான் விண்ணப்பம்.

குடும்ப விவரத்தில் ஒரு கண்ணி. அப்பா உயிரோடு இருக்கும்வரை பெற்றோர் பெயர் பொதுவாக ரயில்வேயின் சார்ந்தோர் பட்டியலில் வராது. அதனால் அப்பாவின் சிறுநீரகச் சிகிச்சைக்காக ஊர் கேட்கிறவரின் மருத்துவ அட்டையில் அப்பாவே இருக்க மாட்டார். உறவுக்கு ஆதாரமாகக் குடும்ப அட்டை, ஆதார், வேறு பிள்ளைகள் அருகில் இல்லை என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் உறவுமுறைச் சான்று, சிகிச்சைக்கு மருத்துவமனை சுருக்க அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துவிடுங்கள். தனியார் மருத்துவமனைக் காகிதம் என்றால் ரயில்வே மருத்துவரிடம் காட்டி மேலொப்பம் வாங்க முடியுமா என்று பாருங்கள். வாங்கினால் எடை கூடும்.

காரணம் எழுதும் இடத்தில் கண்ணீர் வேண்டாம். 'எனது தாயார் மிகவும் நோய்வாய்ப்பட்டு' என்று தொடங்கும் மனுக்களைப் படித்துப் படித்து அந்த மேசை மரத்துப்போயிருக்கும். நோயின் பெயர், எப்போதிலிருந்து, எந்த மருத்துவமனை, வாரத்துக்கு எத்தனை முறை சிகிச்சை, கூட யார் இருக்கிறார்கள், இப்போதைய பணியிடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், விடுப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது. ஐந்தாறு வரி. 'வாரம் மூன்று முறை டயாலிசிஸ், மதுரை; உடன்பிறந்தோர் இல்லை; பணியிடம் குண்டக்கல்' என்பது எந்த அடுக்குமொழியையும்விடக் கனம். விருப்பக் கோட்டமும் ஒன்றுக்கு மேல் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். மதுரை மட்டும்தான் என்று அடம்பிடிக்கிறவரைவிட, திருச்சியும் சரி என்கிறவருக்கு வாய்ப்பு விரிகிறது. திருச்சிக்கு வந்துவிட்டால் அதே மண்டலத்துக்குள் கோட்டம் மாறும் முயற்சி அடுத்த கட்டம். ஆனால் அதிலும் மறுபடி ஒருமுறை மூப்பு இறங்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

சமர்ப்பித்தபின் கோப்பு மேற்பார்வையாளர், கட்டுப்பாட்டு அதிகாரி, கோட்டப் பணியாளர் பிரிவு, தலைமையகம், எதிர் மண்டலத் தலைமையகம், எதிர்க் கோட்டம் என்று போகும். நிலுவை ஒழுங்கு நடவடிக்கை, விஜிலென்ஸ் வழக்கு, கடன் பாக்கி, குடியிருப்பு விவரம் எல்லாம் நடுவில் கேட்கப்படும். செயலி இந்த இடத்தில் நன்றாகவே உழைக்கிறது. யாருடைய உள்பெட்டியில் இருக்கிறது என்று தெரிவதால் நேராக அந்த அலுவலகக் கண்காணிப்பாளரிடமே பேசலாம். பணியாளர் பிரிவுக்கு நேரில் போகிறவர்கள் கருணை அடிப்படை என்று சொன்னால் இறந்த ஊழியரின் வாரிசுக்கு வேலை தரும் பிரிவுக்குக் கை காட்டிவிடுவார்கள்; இடமாற்றம் பார்க்கும் மேசை எது என்று கேட்டுப் போங்கள்.

எதிர்க் கோட்டம் என்.ஓ.சி. கொடுத்தபின்தான் ஆட்டமே. பாதுகாப்புப் பிரிவுப் பணிகளில், அதாவது லோகோ பைலட், நிலைய அதிகாரி, பாயின்ட்ஸ்மேன், தண்டவாளப் பராமரிப்பாளர் போன்றவற்றில், மாற்று ஆள் வராமல் விடமாட்டார்கள். புதிதாக வருகிறவர் பயிற்சி முடித்துத் தனியே பணி பார்க்கத் தகுதி பெற மாதக்கணக்கில் ஆகும். கோட்டத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. ஆள் இல்லாமல் ரயில் ஓட்ட முடியாது. குறை சொல்ல வேண்டியது ஏற்பாட்டை. என்.ஓ.சி. கிடைத்தபின் இத்தனை நாளுக்குள் விடுவிக்காவிட்டால் கோப்பு தானாக மேலதிகாரிக்கு ஏறும் என்ற கடிகாரம் மருத்துவக் கேஸ்களுக்காவது வேண்டும். நிர்வாக ஏற்பாட்டுக்கு மதிப்பெண் இதற்காகத்தான் குறைந்தது.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. ஆர்.ஆர்.பி. பட்டியல் எந்த மாதம் கோட்டத்துக்கு வருகிறது, பயிற்சி எப்போது முடிகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த மாதத்தில் நினைவூட்டல் மனு கொடுங்கள். மற்ற மாதங்களில் கொடுப்பது கோப்பைத் தடிமனாக்கும், அவ்வளவே. விடுவிப்பு வரிசையில் உங்கள் இடம் என்ன, உங்களுக்குப் பின் பதிவானவர் யாராவது முன்னால் போனாரா என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பணிக் குறைகளுக்கு 2016-இல் தொடங்கிய நிவாரண் தளம் இருக்கிறது. பொதுமக்கள் குறைதீர் தளமான சி.பி.கிராம்ஸில் போட்டால், உள்வழிகளை முடித்துவிட்டு வரச் சொல்லி மூடிவிடுவார்கள். ஒருவரின் கேஸாக இல்லாமல் 'என்.ஓ.சி. வந்தும் விடுவிக்கப்படாதோர் பட்டியல்' என்று தொழிற்சங்கம் நிர்வாகத்தோடு பேசும் பி.என்.எம். கூட்டத்தில் வைக்கும்போது அசைவு தெரியும்.

எம்.பி.யிடம் கடிதம் வாங்கிக் கொடுப்பது இன்னும் பலருக்குப் பிரியமான வழி. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் 1966-இன் 20-ஆம் விதி வெளியாள் செல்வாக்கைக் கொண்டுவருவதைத் தடுக்கிறது. கடிதத்தால் காரியம் நடந்த கதைகளும் காதில் விழும். கடிதத்தோடு விளக்கம் கேட்கும் குறிப்பாணையும் வீட்டுக்கு வந்த கதைகளும் விழும்.

பணக் கணக்கைப் போட்டுவிட்டே கிளம்புங்கள். சொந்த வேண்டுகோளில் போகிறவருக்கு இடமாற்ற மானியம் கிடையாது, பணியேற்பு நாட்களும் கிடையாது. சாமான் ஏற்றும் நாட்கள் சொந்த விடுப்பு. பெங்களூரு எக்ஸ் பிரிவு நகரம், வீட்டு வாடகைப் படி 30 சதவீதம். மதுரை ஒய் பிரிவு, 20 சதவீதம். 35,400 அடிப்படையில் 10,620 ரூபாய் 7,080 ஆகும். சிறிய ஊர் நிலையம் என்றால் 10 சதவீதம், 3,540. பழைய ஊரில் ரயில்வே குடியிருப்பு இருந்தால் சாதாரண வாடகையில் 2 மாதம், படிப்பு அல்லது நோய்க் காரணம் காட்டினால் இரட்டை வாடகையில் மேலும் 6 மாதம் வரை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். கேட்காமல் வைத்திருந்தால் பின்னர் விழும் அபராத வாடகை சம்பளத்தையே தின்னும்.

சேர்ந்த முதல் மாதம் சம்பளம் வராமல் போவது இங்கே வெகு சாதாரணம். காரணம் எளிது: ஆள் மாறிவிட்டார், ஆனால் ஐபாஸ் சம்பளத் தளத்தில் பழைய பில் யூனிட்டிலிருந்து (சம்பளப் பட்டியல் பிரிவு) அவரை வெளியேற்றவில்லை, அல்லது கடைசிச் சம்பளச் சான்று தபாலில் இருக்கிறது. விடுவிப்பு உத்தரவு, கடைசிச் சம்பளச் சான்று, விடுப்புக் கணக்கு ஆகியவற்றின் கையொப்பமிட்ட நகல்களை அன்றைக்கே கையில் வாங்குங்கள். ஹெச்.ஆர்.எம்.எஸ்.ஸிலும் ஐபாஸிலும் வெளியேற்றம் பதிவாகிவிட்டதா என்று பழைய அலுவலகத்துக் கிளார்க்கை உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். யூமிட் மருத்துவ அட்டையில் மருத்துவமனையை மாற்றுவதும் அந்த வாரமே நடக்கட்டும். எந்தச் சிகிச்சைக்காக ஊர் மாறினீர்களோ அதற்கே பரிந்துரைக் கடிதம் தர முடியாது என்று புதிய ஊரின் கவுண்டரில் நிறுத்திவைப்பது பெரும்பாலும் இந்தச் சின்னப் பதிவு விட்டுப்போனதால்தான்.